நாப்பது நடேசனுக்கு எழுபது வந்த கதை

ஏகாம்பரநாதர் துணை.

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஆறு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு கார்த்திகைக்கும் ஒரு நோட்டு வாங்குவேன். இரண்டு பக்கம் எழுதுவேன். அப்புறம் அந்த நோட்டு என் மனைவி கௌரி கோலம் வரைந்து பார்க்கப் போய்விடும். எனக்கு எழுத்து சரியாக வராது, பத்தாவதில் இரண்டு பாடத்தில் தவறினவன். ஆனால் தள்ளிப்போட்டதற்கு அது காரணம் இல்லை. இந்தக் கதையில் ஒரு இடத்தில் நான் முட்டாள். இன்னொரு இடத்தில் அதைவிடக் கொஞ்சம் மோசம். அதை விட்டுவிட்டு மீதியை எழுதினால் பொய், சேர்த்து எழுதினால் வெட்கம். இப்படியே ஆறு வருஷம் ஓடியது.

போன மாதம் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் தன் நண்பருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம ஊர்ல ஒரு ஓட்டக்காரருக்கு நாடி முப்பதுதானாம்பா. ஒண்ணும் ஆவல. சாமி காப்பாத்திச்சு, இன்னும் ஓடிக்கினு இருக்கறாரு. நீ ஏன் பயப்படற?" என்றார். அந்த ஓட்டக்காரன் நான்தான். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்து இந்த நோட்டை எடுத்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தேன். எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். பாவு என்பது சேலையின் நீளவாக்கு இழைகள். பட்டு இழைகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, சிக்கு எடுப்பார்கள். இந்த முனையில் ஒரு இழை அறுந்தால் ஓடு, அந்த முனையில் அறுந்தால் ஓடு. எனக்குக் கால் பழகினது அங்கேதான். பள்ளிக்கூடத்தில் ஓடினேன், மாவட்டத்தில் ஓடினேன், விளையாட்டு விடுதியில் சேர்த்தார்கள். பத்தாயிரம் மீட்டர், அதாவது மைதானத்தை இருபத்தைந்து சுற்று. நாட்டின் பேர் போட்ட பனியனை ஒரே ஒரு தடவை போட்டு வெளிநாட்டில் ஓடி ஏழாவதாக வந்தேன். அந்தப் பனியன் இன்றும் பீரோவில், கௌரியின் கூறைப்புடவைக்குக் கீழே இருக்கிறது.

விடுதி டாக்டர் ஒரு நாள் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். சாதாரண ஆளுக்கு ஓய்வாக இருக்கும்போது நிமிஷத்துக்கு எழுபது, எழுபத்தைந்து துடிப்பு. எனக்கு நாற்பது. ஓடி ஓடி இதயம் பலமாகிவிட்டால் ஒரே துடிப்பில் நிறைய ரத்தத்தைத் தள்ளிவிடும், அதனால் அடிக்கடி துடிக்க வேண்டியது இல்லை என்றார். அன்றிலிருந்து என் பேர் நாப்பது நடேசன்.

முப்பது வயதில் முட்டி போனது. பயிற்சியாளர் ஆகலாம் என்று அலைந்தேன். சான்றிதழ் கேட்டார்கள். பத்தாவது தேறாதவனுக்கு அதை யார் தருவார்கள்? ஊருக்குத் திரும்பித் தறியில் உட்கார்ந்தேன். எங்களுடையது கோர்வைத் தறி. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் கோர்த்து நெய்வது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் நான், பக்கத்தில் கௌரி. குறுக்கு இழையைக் கொண்டுபோகிற நாடாவை நான் போட்டால் அவள் கரை நாடாவைப் போட வேண்டும்.

பனியன் மடித்து உள்ளே போய்விட்டது, நாற்பது மட்டும் கையோடு வந்தது. கல்யாண வீடு, டீக்கடை, கோயில் வரிசை, எங்கே போனாலும் யாராவது "நாப்பது, கையக் குடு, எண்ணிப் பாக்கறேன்" என்பார்கள். நானும் மணிக்கட்டை நீட்டுவேன்.

ஐம்பத்தாறு வயதில் எண்ணிப் பார்த்தால் முப்பத்தெட்டு. அடுத்த ஆடிக்கு முப்பத்தாறு. அப்புறம் முப்பத்திநாலு. வயது ஏற ஏற ஈஸ்வரன் என்னை இளசாக்குகிறான் என்று நினைத்தேன். படியேறினால் மூச்சு வாங்கியது, கோயிலில் ஒரு சுற்று வந்தால் கால் கனத்தது. எனக்கு நாடி வேறு கணக்கு, இது வேறு கணக்கு. கௌரி இழுத்துக்கொண்டு போய் ஒரு டாக்டரிடம் காட்டினாள். அவர் உடனே இசிஜி எடுத்துவரச் சொல்லிச் சீட்டு எழுதினார். இதயத்தின் மின்சார ஓட்டத்தைக் காகிதத்தில் கோடாகப் போட்டுக் காட்டுகிற பரிசோதனை அது. நான் அந்தச் சீட்டைச் சாமி மாடத்தில் விபூதி மரவைக் கிண்ணத்துக்குக் கீழே வைத்துவிட்டேன், சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று. பத்து நாள் கழித்து மாடம் துடைக்கும்போது கௌரி கண்ணில் பட்டது. "சாமியா இசிஜி எடுக்கும்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

முட்டாளாக இருந்த இடம் அது. மோசமான இடம் இனிமேல்தான்.

நாலு வீடு தள்ளி மாசிலாமணி அண்ணன் இருக்கிறார். அப்போது அவருக்கு வயது அறுபத்துமூன்று. சொந்தமாக மூன்று தறி, ரத்தக்கொதிப்பு, நல்ல தொந்தி, அதைவிட நல்ல வாய். ஒரு நாள் டீக்கடையில் அவர் மணிக்கட்டை நான் பிடித்து எண்ணினேன். நாற்பத்தாறு. வாழ்நாளில் பேருந்துக்குக்கூட ஓடாத மனிதர். நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், பத்துப் பேர் கேட்க, "அண்ணே, ஒனக்கும் ஓட்டக்காரன் நெஞ்சு. நூறு வருஷம் இருப்ப" என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று முழுக்கத் தெருவில் அந்தக் கையைத் தூக்கிக்கொண்டே திரிந்தார். இந்த ஒரு பத்தியை எழுதத்தான் ஆறு வருஷம் ஆனது.

மார்கழியில் ஒரு விடியற்காலை, அண்ணனுடைய பாவுதான் தெருவில் நீட்டியிருந்தது. நான் அறுந்த இழையை முடிந்துகொண்டே போனேன். பாதித் தூரத்தில் கண்ணில் விளக்கு அணைந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் எனக்குத் தெரியாது, மற்றவர்கள் சொன்னது. மூன்று சேலைக்கான பட்டுப் பாவின் மேல் குப்புற விழுந்திருக்கிறேன். தெருவே முதலில் "ஐயோ பாவு" என்று கத்தியதாம், அப்புறம்தான் "ஐயோ ஆளு". தறிக்காரர் தெரு அப்படித்தான், நான் கோபித்துக்கொள்ளவில்லை. எத்தனை இழை அறுந்தது என்று பிறகு கேட்டேன். "சரியா நாப்பது" என்றார் மாசிலாமணி அண்ணன்.

ஊர் ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தவுடனே ஆம்புலன்சில் சென்னைக்கு அனுப்பினார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கௌரி வழி நெடுக ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுநடுவே டிரைவரை வேகமாகப் போகச் சொன்னாள், அதிக வேகமாகப் போனால் மெதுவாகப் போகச் சொன்னாள்.

பெரிய மருத்துவமனை. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் களிம்பு தடவி எக்கோ பார்த்தார்கள். அது இதயம் திறந்து மூடுவதை டிவியில் காட்டுகிற பரிசோதனை. ஒவ்வொரு அறை வாசலிலும் காத்திருப்பு. தள்ளுவண்டியில் படுத்திருப்பவனுக்குக் கூரை மட்டும்தான் தெரியும். நான் விட்டத்து விளக்குகளை எண்ணினேன், மைதானத்தில் சுற்று எண்ணுகிற மாதிரி.

டாக்டரம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். தலைக்கு மேல் இருந்த பெட்டி என் நாடியை முப்பத்திரண்டு என்று காட்டியது. நான் படுத்தபடியே என் ஓட்டக் கதையைச் சொல்லி, எனக்கு இதுதான் வழக்கம் என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "சரிங்க ஐயா. கையை மூடி மூடித் திறங்க. கால் ரெண்டையும் மடக்கி நீட்டுங்க. நான் சொல்ற வரைக்கும்" என்றார்.

செய்தேன். மூச்சு வாங்கியது. பெட்டியைப் பார்த்தேன். முப்பத்திரண்டு.

"ஓட்டக்காரர் இதயம் ஓய்வில் மெதுவா இருக்கும். வேலை கொடுத்தா எகிறணும்," என்றார். "உங்களுது எகிறல. இது பலம் இல்ல ஐயா, பழுது."

அவர் சொல்லாமலே இன்னொரு தரம் கையை மூடித் திறந்து பெட்டியைப் பார்த்தேன்.

பிளாக் என்றார்கள். பிளாக் என்றதும் எல்லாரும் ரத்தக்குழாய் அடைப்பு என்று நினைப்பார்கள். என் குழாய்கள் சுத்தம். தடை இருந்தது மின்சார வழியில். இதயத்தின் மேல் அறையிலிருந்து "அடி" என்று உத்தரவு கிளம்பும், அது கீழ் அறைக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்குப் போய்ச் சேரவில்லை. கீழ் அறை தன் பாட்டுக்கு எப்போதாவது ஒரு அடி அடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். நான் விழித்தேன். கௌரிதான் புரிய வைத்தாள்.

"கோர்வத் தறிதாங்க. நீங்க நாடாவப் போட்டுட்டு என்னப் பாக்கறீங்க. நான் பக்கத்துல தூங்கிக்கினு இருக்கறேன். முழிப்பு வந்தப்போ கரை நாடாவப் போடறேன். சேல எங்க உருப்படும்?"

டாக்டரம்மா அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மற்ற நோயாளிகளுக்கும் இப்படியே சொல்லப்போகிறேன் என்றார்.

கழுத்து ரத்தக்குழாய் வழியாகத் தற்காலிகமாக ஒரு கம்பியை உள்ளே விட்டார்கள். வெளியில் ஒரு சின்னப் பெட்டி. ஐந்து நிமிஷத்தில் எழுபது என்று காட்டியது. கால் சூடாயிற்று, கண் தெளிந்தது, பசித்தது. ஆனால் மனசு மட்டும் படுத்துவிட்டது. எழுபது என்பது ஊரில் எல்லாருக்கும் இருக்கிற எண். மூன்று ராத்திரியும் அந்தப் பெட்டியின் சத்தத்தைக் கேட்டபடி கிடந்தேன். பக்கத்துத் தெரு விசைத்தறி மாதிரி ஒரே சீராக இருந்தது.

நிரந்தரமாக பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார்கள். தீப்பெட்டி அளவு ஒரு கருவி, இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைப்பது. இதயம் உத்தரவை மறந்தால் அது ஞாபகப்படுத்தும். அதற்குக் கையெழுத்துக் கேட்டார்கள். இன்று, நாளை என்று இழுத்தேன். மெஷின் வைத்தால் ஓட முடியாதே என்றேன்.

"தாராளமா ஓடலாம். நீங்க ஓடினா அதுவும் வேகம் எடுக்கும்," என்றார் டாக்டரம்மா. "ஆனா அந்த நாற்பதுங்கறது இருபத்தஞ்சு வயசுப் பையனோட பனியன் ஐயா. அதை இன்னும் கழட்டாம இருக்கீங்க."

பனியன் பீரோவில் இருப்பது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துக் கௌரியைப் பார்த்தேன். அவள் அவசரமாகத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

மறுநாள் மாசிலாமணி அண்ணன் வந்தார். மந்தாரை இலையில் இட்லி, கச்சபேஸ்வரர் விபூதி, பாவு ஒருவழியாகச் சரியாயிற்று என்ற செய்தி எல்லாம் கொண்டுவந்தார். வந்தவர் உட்காரும் முன்னே கையை நீட்டினார். "பாருடா நடேசா, காலைல எண்ணுனேன். நாப்பத்திநாலு. ஒன் எடம் காலியாச்சு, இனிமே நான்தான் நாப்பது."

இட்லியை இலையிலேயே வைத்தேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். நான் டீக்கடையில் சொன்னது தப்பு, ஒன்றும் தெரியாமல் பெருமைக்குச் சொன்னது என்றேன். அவர் சிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அப்போ மயக்கம்?"

"என்னா மயக்கம்?"

"ரெண்டு வாட்டி வந்துச்சு. பின்கட்டுல ஒரு தரம், கோயில்ல ஒரு தரம். நீதான் ஓட்டக்காரன் நெஞ்சுன்னு சொன்னியே. அதான் ஊட்ல யார்கிட்டயும் சொல்லல."

நான் விழுந்தது பாவின் மேல். இவர் படியில் விழுந்திருந்தால்? கீழே போய் உடனே இசிஜி எடுங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றார். உள்ளே போனால் கழுத்தில் கம்பி சொருகிவிடுவார்கள், தைக்கு மூன்று சேலை கொடுக்க வேண்டும், சாமி இருக்கிறது என்றார். சாமி இருக்கிறது என்ற வார்த்தைக்கு நான் எப்படிப் பதில் சொல்வது? சீட்டை விபூதிக்கு அடியில் வைத்தவன் நான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நர்ஸ் வைத்துவிட்டுப் போன சம்மதப் படிவத்தைக் கௌரியிடம் கொடுத்து, "அண்ணன் இசிஜி எடுக்கற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

கௌரி இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். "நல்லா இருக்குது. ரெண்டு கெழவனுங்க, ரெண்டு பிடிவாதம், ஒரு பொம்பள. ண்ணா, நீ எழுந்திரு. இவரு ஆபரேஷனுக்குப் போவாட்டி பாவம் ஒனக்கு, நீ போவாட்டி பாவம் இவருக்கு. ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டா பாவம் எனக்கு." கையைப் பிடித்து எழுப்பிக் கீழே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்றரை மணி நேரம். எத்தனையோ பந்தயத்துக்கு வெடிச்சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன். அந்த ஒன்றரை மணி மாதிரி ஒன்று இல்லை. ஏகாம்பரநாதா, என் நாற்பதை எடுத்துக்கொள், அவரை விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டேன். ஏற்கெனவே எடுத்துக்கொண்டதைத்தான் காணிக்கையாகக் கொடுக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது.

திரும்பி வந்தார்கள். அண்ணன் முகத்தில் பழைய களை. அவருக்கு மின்சார வழி நன்றாகத்தான் இருந்தது. ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரை நாடியைக் குறைக்கிற வகை. ஒரு வேளை என்று எழுதியதை, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் நல்லதுதானே என்று காலையும் மாலையும் போட்டிருக்கிறார். அப்படியே விட்டிருந்தால் என்றாவது பெரிதாக விழுந்திருப்பார் என்றார்களாம். மாத்திரையைச் சரிசெய்து, ஒரு வாரம் பொறுத்துத் தினமும் நடக்கச் சொன்னார்கள். நான் பேனாவைக் கேட்டேன்.

கருவி வைக்கும்போது முழு மயக்கம் கிடையாது, அந்த இடம் மட்டும் மரத்துப்போகும். பச்சைத் துணிக்கு அப்பால் டாக்டரம்மா யாரிடமோ கோர்வைத் தறியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. செலவுக்கு அரசுக் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. மீதிக்கு என் மகள் கேட்காமலே கொடுத்தாள்.

மறுநாள் வராண்டாவில் நடக்க விட்டார்கள். பார்த்தவுடனே தெரிந்தது, வராண்டா நீளம் சரியாக மூன்று சேலைப் பாவு. பக்கத்துக் கட்டிலில் தென்னேரிக்காரர், ஓய்வுபெற்ற கண்டக்டர். பயந்துபோய் எழுந்திருக்கவே மாட்டார். "ஒரு பாவு தூரம்தான் வாங்க, திரும்பிடலாம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும் இடம் வந்ததும் அவர் "ரைட்" என்று விசில் அடித்தார். மூன்றாம் நாள் எங்களுக்குப் பின்னால் ஐந்து பேர். யாரையும் வேகமாக வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. மெதுவாக, மெதுவாக என்றே சொன்னேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் அலைந்தும் கிடைக்காத பயிற்சியாளர் வேலையை, ஆஸ்பத்திரிச் சட்டை போட்டுக்கொண்டு நான் செய்துகொண்டிருக்கிறேன் என்று நர்ஸ் அதட்டியபோதுதான் தெரிந்தது.

ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது. உள்ளே கம்பி நிலைக்க வேண்டும். தறி கிடையாது. அதைவிடக் கஷ்டம், கோயிலில் எல்லாரும் தலைக்கு மேல் கைகூப்பும்போது நான் நெஞ்சோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். "டாக்டர் இவ்ளோதான் விட்டாங்க" என்று சாமியிடம் சொல்லிவிட்டேன்.

ஊர் திரும்பிய எட்டாம் நாள் விடியற்காலை வாசலில் மாசிலாமணி அண்ணன். புது கேன்வாஸ் ஷூ, வேட்டி, கையில் குடை. "நீதானே என் நாடியக் கெடுத்த. நீதான் என்ன நடக்க வைக்கணும்" என்றார்.

நடந்தோம். முதலில் ஒரு பாவு நடை. டாக்டரம்மா சரி என்றபிறகு, மூன்றாம் மாதத்தில் இரண்டு பாவு நடை, ஒரு பாவு ஓட்டம். பேச்சு தடைபடாத அளவுக்குத்தான் ஓட்டம். அண்ணனுக்கு அது சுலபம், எதற்கும் பேச்சு தடைபடாது. அவரைப் பார்த்து இரண்டு பேர், அப்புறம் ஆறு, இப்போது பதினெட்டுப் பேர். எல்லாரும் ஐம்பத்தைந்துக்கு மேல், பாதிக்குப் பாதி பெண்கள். தென்னேரிக் கண்டக்டர் ஞாயிறுதோறும் பேருந்தில் வந்து விசில் அடிக்கிறார். சேர வேண்டும் என்றால் ஒரே ஒரு நிபந்தனை. இசிஜி எடுத்து, டாக்டர் பார்த்து, ஓடலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காகிதத்தை நான் படிக்க மாட்டேன், எனக்குத் தெரியாது. யார் மணிக்கட்டையும் பிடிக்க மாட்டேன். அதைச் சொல்லும்போது புதியவர்கள் விழிப்பார்கள், பழையவர்கள் சிரிப்பார்கள்.

முதல் வருஷம் முடிந்த மார்கழியில், நான்கு ராஜ வீதியையும் நிற்காமல் ஓடிச் சுற்றுவது என்று முடிவு செய்தோம். கடைசியாக வந்தவர் மாசிலாமணி அண்ணன். நான் அவர் கூடவே ஓடினேன். என் நெஞ்சில் தீப்பெட்டி தன் வேலையைச் செய்தது, கௌரி பாஷையில் சொன்னால் கரை நாடா தவறாமல் விழுந்தது. கோபுரத்துக்கு எதிரே வந்து நின்றதும் அவர் மூச்சிறைக்கக் கையை நீட்டினார். "எண்ணிச் சொல்லுடா, எவ்ளோ?"

நான் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். நீட்டிய கையை மற்றக் கையோடு சேர்த்து அவரும் கும்பிட்டார்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிரதி எடுங்கள், போனில் அனுப்புங்கள், வாயால் சொல்லுங்கள். ஆனால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சாமி காப்பாற்றியதைச் சொல்பவர்கள், விபூதிக்கு அடியில் கிடந்த சீட்டையும் சொல்லுங்கள். அதை எடுத்துக் கேள்வி கேட்டவளையும், ஆளைக் கையைப் பிடித்து இழுத்துப்போனவளையும் சொல்லுங்கள். சாமி வந்தது அந்த வழியாகத்தான். எழுத இடம் போதாவிட்டால் நான் ஓடினதை விட்டுவிடுங்கள், பனியனை விட்டுவிடுங்கள். டீக்கடையில் நான் ஒருவர் கையைப் பிடித்துச் சொன்ன அந்தப் பொய்யை மட்டும் விட்டுவிடாதீர்கள்.